மூளைப் படத்தில் சிவப்பாகத் தெரியும் இடம்... உண்மையிலேயே அங்கேதான் இருக்கிறதா?

செய்திகளில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். சாம்பல் நிறத்தில் ஒரு மூளை. அதன் நடுவே சிவப்பும் மஞ்சளுமாக ஒரு திட்டு. கீழே ஒரு வரி: "பயம் உருவாகும் இடம்", "சூதாடும்போது ஒளிரும் பகுதி".

பார்த்ததும் நம்பிவிடுகிறோம். புகைப்படம் மாதிரி இருக்கிறதே!

ஆனால் அது புகைப்படம் இல்லை. எஃப்எம்ஆர்ஐ எனப்படும் செயல்பாட்டு எம்ஆர்ஐ ஸ்கேன் தரும் மூலப் படத்தைத் திருத்தாமல் அப்படியே பார்த்தால் உங்களுக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாகக்கூட இருக்கும். நெற்றிப் பக்கம் மூளை சப்பிப் போயிருக்கும், அல்லது முன்னால் இழுத்துவிட்டதுபோல் நீண்டிருக்கும். கண்ணுக்கு மேலே ஒரு கருங்குழி. காதுப் பக்கம் இன்னும் இரண்டு.

மூளையில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு படத்தில்.

அந்த நெளிவை எப்படி நேராக்குகிறார்கள், எவ்வளவு தூரம் நேராக்க முடியும் என்பதுதான் இன்றைய விளக்கம். இது ஏதோ ஆய்வுக்கூடத்துக்குள் முடிந்துவிடும் சங்கதி என்று நினைக்க வேண்டாம். மூளைக் கட்டியை எங்கே வெட்டுவது என்று திட்டமிடும் மருத்துவருக்கும் இந்தப் படம் போகிறது. ஒருவரின் எண்ணத்தைக் கணினி படித்துவிட்டது என்று வரும் செய்திக்கும் இதுவே மூலம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2023ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுகள் பெரிதாகப் பேசப்பட்டன. ஒன்று அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஒருவர் கதை கேட்டுக்கொண்டிருக்கும்போது அவருடைய மூளையை ஸ்கேன் செய்து, கதையின் சாராம்சத்தைக் கணினி சொற்களாகத் தந்தது. இன்னொன்று நம் ஊர் சம்பந்தப்பட்டது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஹாங்காங், ஸ்டான்ஃபர்ட் சகாக்களுடன் சேர்ந்து 'மைண்ட்-விஸ்' என்ற முறையை வெளியிட்டார்கள். ஒருவர் பார்த்த படத்தை, அவருடைய மூளை ஸ்கேனை வைத்துச் செயற்கை நுண்ணறிவு ஓரளவுக்குத் திரும்ப வரைந்தது.

"மனத்தைப் படிக்கும் இயந்திரம் வந்துவிட்டது" என்று தலைப்புகள் பறந்தன. இரண்டுக்கும் அடிப்படை எஃப்எம்ஆர்ஐ.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி எல்லாரும் கேட்டார்கள். அதற்கு ஊட்டப்பட்ட படம் எப்படித் தயாராகிறது என்று கேட்டவர்கள் குறைவு.

முதலில், இந்த இயந்திரம் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எம்ஆர்ஐ இயந்திரத்துக்குக் கண் கிடையாது. காதுதான் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடலில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீரில் ஹைட்ரஜன். வலுவான காந்தத்துக்குள் உங்களைப் படுக்கவைத்தால், அந்த ஹைட்ரஜன் அணுக்கருக்கள் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் சுழன்று வானொலி அலையை அனுப்பும். ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படும் 3 டெஸ்லா காந்தத்தில் அந்த அதிர்வெண் ஏறக்குறைய 12 கோடியே 77 லட்சம் ஹெர்ட்ஸ். 3 டெஸ்லா என்றால் பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல பத்தாயிரம் மடங்கு.

காந்தம் கூடினால் அதிர்வெண் கூடும், குறைந்தால் குறையும். இந்த ஒரு விதிதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம்.

இயந்திரம் வேண்டுமென்றே தலையின் ஒரு பக்கம் காந்தப்புலத்தைக் கொஞ்சம் கூட்டி, மறுபக்கம் கொஞ்சம் குறைக்கிறது. இப்போது தலை ஓர் ஆர்மோனியப் பெட்டி ஆகிவிடுகிறது. ஒரு பக்கம் கீழ்ச் சுருதி, மறு பக்கம் மேல் சுருதி. எந்தச் சுருதி கேட்கிறதோ அந்தக் கட்டையிலிருந்து வந்தது என்று இயந்திரம் முடிவு செய்கிறது.

சரி, ஒரு கட்டை சுருதி பிசகி இருந்தால்? இயந்திரம் அதைப் பக்கத்துக் கட்டை என்று நினைத்துக்கொள்ளும். அங்கே கொண்டுபோய் வைத்துவிடும்.

படம் நெளிவதற்குக் காரணம் இந்தப் பிசகுதான்.

சுருதியைக் கெடுப்பது யார்?

நம் சைனஸ்!

சளி பிடித்தால் மட்டும் நாம் நினைத்துப் பார்க்கும் அந்தக் காற்றறைகள் மூக்கைச் சுற்றியும், மூக்குக்குப் பின்னால் மண்டையோட்டின் அடித்தளத்திலும் இருக்கின்றன. காதுக்குள்ளும் காதுக்குப் பின்னுள்ள எலும்பிலும் காற்று இருக்கிறது. காற்றும் மூளைத் திசுவும் காந்தத்துக்கு வேறு வேறு விதமாக இசைந்து கொடுக்கும். வித்தியாசம் பத்து லட்சத்தில் 9 பங்கு அளவுதான். ஆனால் இரண்டும் சந்திக்கும் எல்லையில் காந்தப்புலம் வளைந்துவிடுகிறது.

அதனால் பாதிக்கப்படும் பகுதிகளைப் பாருங்கள். ஒன்று, கண்குழிக்கு மேலே உள்ள முன்மூளை. ஆசை, வெகுமதி, முடிவெடுத்தல் போன்றவற்றை ஆராய்கிறவர்கள் முதலில் தேடிப் போகும் இடம் அது. இன்னொன்று, காதுக்கு உட்புறம் உள்ள பொட்டுமடலின் அடிப்பகுதியும் முனையும். அங்கே நினைவு, சொல்லின் பொருள், முகங்களை அடையாளம் காணும் திறன் போன்றவை சம்பந்தப்பட்டிருக்கின்றன.

ஆக, ரொம்பவும் ஆவலாகத் தேடும் இடங்களில்தான் படம் ரொம்பவும் கெட்டுப்போகிறது.

நகைகளும் சேர்ந்துகொள்ளலாம். ஸ்கேனுக்குப் போகும்போது தாலிக்கொடி, மூக்குத்தி, மெட்டி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வதற்கு முதல் காரணம் பாதுகாப்பு. படம் கெடாமல் இருப்பது அடுத்த காரணம். பற்களுக்குப் போடும் கம்பி, இரும்பு ஆக்சைடு கலந்த கண் ஒப்பனைப் பொருள்கூடப் பக்கத்துப் பகுதிகளைக் கலைத்துவிடும்.

சாதாரண எம்ஆர்ஐயில் இந்தத் தொல்லை இல்லையா?

உண்டு. ஆனால் கண்ணுக்குப் படாத அளவு.

மருத்துவமனையில் எடுக்கும் வழக்கமான மூளைப் படம் பல நிமிடம் எடுக்கும். ஒரு வரி தகவல், பிறகு ஒரு சிறு இடைவெளி, திரும்பவும் புதிதாக ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் சுருதி சேர்த்துக்கொண்டு தொடங்குவதால் பிசகு சேராது.

எஃப்எம்ஆர்ஐக்கு அவ்வளவு பொறுமை இல்லை. மூளையின் செயல்பாடு நொடிக்கு நொடி மாறுகிறது. முழு மூளையையும் 2 நொடிக்குள், சில நேரம் 1 நொடிக்குள், எடுத்தாக வேண்டும். அதைத் திரும்பத் திரும்ப நூற்றுக்கணக்கான முறை செய்ய வேண்டும்.

அதற்கு வழி காட்டியவர் பிரிட்டனின் நாட்டிங்ஹம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் மேன்ஸ்ஃபீல்ட். 1977இல் 'எக்கோ-பிளானர்' முறையை முன்வைத்தார். ஒரு குறுக்குவெட்டுப் படத்துக்கு வேண்டிய எல்லா வரிகளையும் ஒரே மூச்சில் வாங்கிவிடுவது. 2003இல் அவருக்கும் பால் லாட்டர்பருக்கும் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

வாசலில் சிக்குக் கோலம் போடுவதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? கையெடுக்காமல் ஒரே இழையாக இழுப்பார்கள். தனித்தனிக் கோடாகப் போட்டால் ஒரு கோடு கோணினாலும் அது அந்தக் கோட்டோடு முடிந்தது. ஒரே இழையில் ஆரம்பத்தில் கொஞ்சம் விலகினால், விலகல் கூடிக்கொண்டே போய்க் கடைசியில் இழை வந்து சேர வேண்டிய புள்ளியில் சேராது. எக்கோ-பிளானர் முறையில் நடப்பதும் இதுதான். வேகம் கிடைத்தது. அதற்கு விலையாக நெளிவு வந்தது.

எவ்வளவு நெளியும்? ஒரு சின்னக் கணக்கு

கணக்கு வேண்டாம் என்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் இதைப் பார்த்தால்தான் விஷயத்தின் தீவிரம் உறைக்கும்.

ஒரு படத்துக்கு 64 வரிகள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே 0.5 மில்லிவிநாடி. மொத்தம் 32 மில்லிவிநாடி. இந்த அமைப்பில், சுருதி சுமார் 31 ஹெர்ட்ஸ் பிசகினால் படத்தில் ஒரு கட்டம் நகரும். கட்டத்தின் அகலம் 3 மில்லிமீட்டர் என்று வையுங்கள்.

சைனஸுக்கு மேலே 100 ஹெர்ட்ஸ் பிசகு வருவது சர்வசாதாரணம். அப்படியானால் மூன்று கட்டங்களுக்கு மேல் நகர்கிறது. ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டர்!

12 கோடியே 77 லட்சத்தில் வெறும் 100 ஹெர்ட்ஸ். பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு மூளையின் ஒரு துண்டு ஒரு விரல் அகலம் தள்ளிப் போய் உட்காருகிறது.

மூளைப் புறணியின் தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். ஒரு சென்டிமீட்டர் என்றால் பக்கத்து மடிப்பு, சில இடங்களில் அதற்கும் அடுத்த மடிப்பு.

இன்னும் சக்திவாய்ந்த 7 டெஸ்லா இயந்திரம் வந்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்களா? தலைகீழ். காந்தம் கூடக் கூட இந்தப் பிசகும் அதே விகிதத்தில் கூடும்.

அப்படியானால் பிசகே வராத முறையைக் கண்டுபிடிக்கலாமே?

இங்கேதான் சுவாரசியமான சிக்கல் இருக்கிறது.

ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைச் சுமக்கும்போது ஒரு விதமாகவும், இறக்கிவைத்த பிறகு வேறு விதமாகவும் காந்தத்திடம் நடந்துகொள்ளும். 1936இல் லைனஸ் பாலிங்கும் சார்ல்ஸ் கோரியலும் இதைக் கண்டுசொன்னார்கள். பிராணவாயுவை இழந்த ரத்தம் தன்னைச் சுற்றிக் காந்தப்புலத்தைக் கொஞ்சம் கலைக்கும். 1990இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் செய்ஜி ஒகாவாவும் சகாக்களும் அந்தக் கலைப்பை எம்ஆர்ஐயில் படமாகப் பிடிக்க முடியும் என்று காட்டினார்கள். 1992இல் மனித மூளையில் அதைச் செய்த ஆய்வுகள் வெளிவந்தன. எஃப்எம்ஆர்ஐ பிறந்தது அப்படித்தான்.

அதாவது நாம் பார்க்க விரும்புவதே காந்தப்புலத்தில் ஏற்படும் மிகச் சிறிய கலைப்பு. ரத்தம் செய்யும் கலைப்பு நமக்கு வேண்டும். சைனஸ் காற்று செய்யும் கலைப்பு வேண்டாம். இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றுக்குக் காதைப் பொத்தினால் மற்றதும் கேட்காமல் போகும்.

அதனால்தான் முதலில் படத்தை எடுத்துவிட்டு, பிறகு நேராக்க வேண்டியிருக்கிறது.

எப்படி நேராக்குகிறார்கள்?

இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, பிசகையே அளந்துவிடுவது. 1995இல் அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஜெசார்டும் ராபர்ட் பலபானும் இதைத் தெளிவாக எழுதிவைத்தார்கள். தலையின் ஒவ்வோர் இடத்திலும் காந்தப்புலம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஒரு வரைபடம் எடுப்பார்கள். சில மில்லிவிநாடி இடைவெளியில் இரண்டு முறை கேட்டால், அதற்குள் சுழற்சி எவ்வளவு முந்தியது, எவ்வளவு பிந்தியது என்று தெரியும். அதிலிருந்து பிசகு. பிசகிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்ற கணக்கு. பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் அதன் சொந்த இடத்துக்குத் திருப்பி அனுப்புவது.

கேட்க எளிது. ஒரு பொறி இருக்கிறது. கடிகாரத்தில் நிமிட முள்ளை மட்டும் பார்த்தால் பத்து நிமிடம் ஆகியிருக்கிறது என்று தெரியும். ஆனால் எத்தனை மணி தாண்டிப் பத்து நிமிடம்? முள் முழுச் சுற்றுச் சுற்றி வந்திருந்தால் அது நமக்குத் தெரியாது. சுழற்சியை அளக்கும்போதும் இதே குழப்பம். பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து, "இங்கே திடீரென்று குதிக்க முடியாது, ஆகவே ஒரு சுற்று முடிந்திருக்கிறது" என்று மென்பொருள் ஊகிக்க வேண்டும். சைனஸுக்கு மேலே, பிசகு ரொம்ப அதிகமாக இருக்கும் அதே இடத்தில், இந்த ஊகம் தவறிப்போகலாம்.

இரண்டாவது வழி எனக்குத் தனிப்பட்ட முறையில் ரொம்பப் பிடித்தது. அதில் ஒரு குறும்பு இருக்கிறது.

ஒரே தலையை இரண்டு முறை படம் எடுப்பார்கள். முதல் முறை தகவலை ஒரு திசையில் வரிவரியாகப் படிப்பார்கள். இரண்டாவது முறை நேர் எதிர்த் திசையில். பிசகு அப்படியே இருக்கும். ஆனால் முதல் படத்தில் முன்னால் இழுபட்ட இடம், இரண்டாவது படத்தில் அதே அளவு பின்னால் தள்ளப்படும். உண்மையான மூளை இரண்டுக்கும் நடுவில்!

1992இல் சாங், ஃபிட்ஸ்பாட்ரிக் இருவரும் இந்த யோசனையை வெளியிட்டார்கள். 2003இல் ஆண்டர்சன், ஸ்காரே, ஆஷ்பர்னர் மூவரும் அதைச் செப்பனிட்டார்கள். ஆக்ஸ்ஃபர்டின் 'டாப்-அப்' என்ற மென்பொருளாக இன்று உலகெங்கும் பயன்படுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளையரை ஸ்கேன் செய்த அமெரிக்காவின் மனித மூளை இணைப்புத் திட்டமும் இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று எதிரெதிராக எடுத்தது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. படம் நெருக்கப்படும் இடத்தில் இரண்டு மூன்று கட்டங்களின் ஒலி ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துவிடும். குவிந்ததைப் பிரித்தெடுக்க முதல் வழியால் முடியாது. எதிர்த் திசைப் படத்தில் அதே இடம் நெருக்கப்படாமல் நீட்டப்பட்டிருக்கும். அங்கே தனித்தனியாகக் கிடைக்கும்.

இந்தத் திருத்தத்துக்காக எடுக்கும் படங்களுக்குச் சில நொடி முதல் ஒன்றிரண்டு நிமிடம்வரைதான் தேவை. இருந்தும் பல ஆண்டுகளாகப் பல ஆய்வுகளில் இதை எடுக்காமலே விட்டிருக்கிறார்கள். ஸ்கேன் நேரத்துக்கு மணிக்கணக்கில் கட்டணம், பங்கேற்பாளருக்குக் களைப்பு, எனவே முதலில் வெட்டப்படுவது இதுதான். புரிந்துகொள்ளக்கூடிய காரணம்தான். ஆனால் அந்தச் சில நொடிச் சிக்கனத்துக்குக் கொடுத்த விலை பெரிது.

மூளையின் ஒரு பகுதியே 'காணாமல்' போன கதை

'பொருள்சார் மறதிநோய்' என்று ஒன்று இருக்கிறது. நோயாளி சரளமாகப் பேசுவார். நேற்று நடந்தது நினைவிருக்கும். ஆனால் சொற்களின் பொருள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வரிக்குதிரையின் படத்தைக் காட்டினால் முதலில் "குதிரை" என்பார். பிறகு ஒருநாள் "நாய்" என்பார். அதற்கும் பிறகு "ஏதோ ஒரு மிருகம்".

இவர்களுடைய மூளையில் சுருங்கிப் போயிருப்பது பொட்டுமடலின் முன்முனை. ஆகவே சொற்பொருளுக்கு அந்த முனை முக்கியம் என்று நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்கள் சொன்னார்கள். கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் 'பெட்' ஸ்கேனும் ஆமாம் என்றது.

எஃப்எம்ஆர்ஐ மட்டும் இல்லை என்றது. ஆரோக்கியமானவர்களிடம் சொற்பொருள் சோதனை வைத்த ஆய்வுகள் பலவற்றில் அந்த முனை அசையவே இல்லை. படத்தில் வேறு இடங்கள் ஒளிர்ந்தன. சொற்பொருளுக்கு அந்த முனை தேவையே இல்லை என்று வாதிட அது இடம் கொடுத்தது.

2000ஆம் ஆண்டில் ஜோசப் டெவ்லினும் சகாக்களும் ஒரே சோதனையைப் பெட், எஃப்எம்ஆர்ஐ இரண்டிலும் வைத்து ஒப்பிட்டார்கள். பெட் ஸ்கேனில் தெரிந்தது எஃப்எம்ஆர்ஐயில் தெரியவில்லை. காரணம் மூளையில் இல்லை, அதற்குப் பக்கத்தில் இருந்த காற்றில்.

2010இல் பிரிட்டனின் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு, ஒலி அவ்வளவாக அழிந்துபோகாத வேறொரு எக்கோ முறையில் ஸ்கேன் எடுத்து, எதிரெதிர்த் திசைப் படங்களால் நெளிவையும் திருத்தியது. பொட்டுமடலின் முனை, குறிப்பாக அதன் அடிப்பக்கம், நன்றாகவே ஒளிர்ந்தது. நோயாளிகளிடம் கண்டதோடும் அது ஒத்துப்போனது.

இத்தனை ஆண்டும் அந்தப் பகுதி வேலை செய்துகொண்டுதான் இருந்தது. நம் படத்தில் மட்டும்தான் இல்லை. வெற்றிடத்தைப் பார்த்து "இங்கே ஒன்றும் நடக்கவில்லை" என்று முடிவு கட்டுவது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

திருத்தத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

இல்லை. மான்செஸ்டர் குழு ஸ்கேன் எடுக்கும் முறையையே மாற்ற வேண்டி வந்ததை மறக்க வேண்டாம்.

நெளிவு வேறு, இழப்பு வேறு. நெளிவு என்பது ஒலி இடம் மாறி உட்கார்வது. அதைத் திரும்பக் கூட்டிவரலாம். இழப்பு என்பது ஒரே கட்டத்துக்குள் இருக்கும் அணுக்கருக்கள் ஆளுக்கொரு சுருதியில் பாடி ஒன்றையொன்று அழித்துக்கொள்வது. ஆரம்பத்தில் சொன்ன கருங்குழி அதுதான். அங்கே ஒலியே பதிவாகவில்லை. எந்த மென்பொருளாலும் அதை உயிர்ப்பிக்க முடியாது. மெல்லிய குறுக்குவெட்டு, சாய்வான கோணம், பல எக்கோக்கள் என்று ஸ்கேன் எடுக்கும்போதே வழி செய்ய வேண்டும். திருத்தப்பட்ட அழகான படத்தைக் காட்டி "நெளிவு நீக்கப்பட்டது" என்று ஒருவர் சொன்னால், குழி எங்கே போனது என்று கேட்கலாம். தப்பில்லை.

தலை அசைந்தாலும் சிக்கல். பிசகு வரைபடம் எடுத்தபோது தலை இருந்த நிலை வேறு, பத்து நிமிடம் கழித்து லேசாகத் தலையாட்டிய பிறகு உள்ள நிலை வேறு. சைனஸும் தலையோடு சேர்ந்துதானே திரும்புகிறது? மூச்சை இழுத்து விடுவதால்கூடத் தலைக்குள் காந்தப்புலம் லேசாக மாறும்.

சில தவறுகள் சிரிப்பை வரவழைக்கும். எந்தத் திசையில் படித்தோம் என்பதை மென்பொருளுக்கு மாற்றிச் சொல்லிவிட்டால், திருத்தம் நெளிவை நீக்காது. இரட்டிப்பாக்கும். கண்ணால் ஒருமுறை பார்த்தால் பிடித்துவிடலாம். ஆயிரம் பேரின் ஸ்கேனைத் தானாக ஓடவிட்டுவிட்டுப் பார்க்காமல் இருந்தால்தான் ஆபத்து. 2016இல் உருவான 'பிட்ஸ்' என்ற பொதுத் தரமுறை, திசையையும் படிக்கும் நேரத்தையும் தரவோடு சேர்த்தே எழுதிவைக்கச் சொல்வது இதற்காகவும்தான். அந்தக் குறிப்புகள் இல்லாத பழைய ஸ்கேன்கள் ஏராளம்.

பழையவற்றை என்ன செய்வது? அதே நபரின் நெளியாத சாதாரண எம்ஆர்ஐயை வைத்து, நெளிந்த படத்தை அதற்குப் பொருந்தும்படி மெதுவாக இழுத்துப் பொருத்தும் முறைகள் வந்திருக்கின்றன. நரம்பிழைகளைக் காட்டும் வேறு வகை எம்ஆர்ஐயில் இதே நெளிவு வரும். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழு 2019இல் அதற்குச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவந்தது. "நெளியாமல் இருந்திருந்தால் இப்படி இருந்திருக்கும்" என்று ஒரு படத்தை அது வரைந்து, அதை வழிகாட்டியாக வைத்துக்கொள்கிறது. பலன் இருக்கிறது. ஆனாலும் அளந்தது வேறு, ஊகித்தது வேறு. அளக்க வாய்ப்பிருந்தால் அளப்பதுதான் முறை.

யாருக்கு என்ன பாதிப்பு?

முதலில் நோயாளிகளைப் பார்ப்போம். மூளைக் கட்டியை அகற்றுவதற்கு முன், கை அசைவுக்கும் பேச்சுக்கும் உரிய பகுதிகள் கட்டிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று எஃப்எம்ஆர்ஐயில் பார்ப்பதுண்டு. அந்த வண்ணத் திட்டை, நெளியாத சாதாரண எம்ஆர்ஐயின் மேல் ஒட்டித்தான் மருத்துவரிடம் காட்டுவார்கள். கீழே உள்ள படம் நேர், மேலே ஒட்டியது கோணல் என்றால்? சில மில்லிமீட்டர் அங்கே பெரிய விஷயம். அதனால்தான் அறுவைச் சிகிச்சையின்போதே, தேவைப்பட்டால் நோயாளியை விழிக்கவைத்து, மூளையில் லேசான மின்தூண்டல் கொடுத்து உறுதி செய்துகொள்கிறார்கள். எஃப்எம்ஆர்ஐ படத்தை மட்டும் நம்பிக் கத்தி வைப்பதில்லை.

அடுத்து, குழந்தைகள். இது அவ்வளவாகப் பேசப்படாத கோணம். சிங்கப்பூரில் 2009இல் தொடங்கிய 'கஸ்டோ' ஆய்வைப் போல, ஒரே பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து பல ஆண்டு பின்தொடரும் ஆய்வுகளில் மூளை ஸ்கேனும் இடம்பெறுவதுண்டு. பிறக்கும்போது சைனஸ் அறைகள் முழுமையாக வளர்ந்திருப்பதில்லை. மூக்குக்குப் பின்னுள்ள அறையும் நெற்றி அறையும் பிள்ளைப் பருவம் முழுக்க, பதின்ம வயதிலும்கூட, வளர்கின்றன. காற்றறை வளர்ந்தால் நெளிவும் இழப்பும் மாறும். ஐந்து வயதிலும் பத்து வயதிலும் எடுத்த எஃப்எம்ஆர்ஐ படங்களைத் திருத்தாமல் ஒப்பிட்டால், மாறியது முன்மூளையா மூக்கா என்று பிரித்துச் சொல்வது கடினம். நீண்டகால ஆய்வுகளுக்கு முறையான திருத்தம் அவ்வளவு அவசியம்.

சரி, அந்த 'மனத்தைப் படிக்கும்' ஆய்வுகள்?

நியாயமாகச் சொன்னால், ஒரே நபரை வைத்துப் பழக்கிய கணினிக்கு இந்த நெளிவு பெரிய எதிரி இல்லை. டெக்சஸ் ஆய்வில் ஒவ்வொருவரும் 16 மணி நேரம் ஸ்கேனுக்குள் கதை கேட்டார்கள். ஒரு கட்டம் பிசகான இடத்தில் உட்கார்ந்திருந்தாலும், தினமும் அதே பிசகான இடத்தில் உட்கார்ந்தால் கணினி அதைக் கற்றுக்கொள்ளும். முகவரி தவறாக இருந்தாலும் தினமும் வரும் தபால்காரருக்கு வீடு தெரியும், அதுபோல. மைண்ட்-விஸ் போன்றவை பெரிதும் பார்ப்பது மூளையின் பின்புறம் உள்ள பார்வைப் பகுதியை. சைனஸ் அங்கிருந்து தூரம்.

பிரச்சினை எப்போது வரும்? ஒருவர் மூளையில் கற்றதை இன்னொருவர் மூளையில் பொருத்திப் பார்க்கும்போது. அல்லது, "இந்த எண்ணம் மூளையின் இந்த இடத்தில் இருக்கிறது" என்று இடத்தைச் சுட்டிப் பேசும்போது. ஆளுக்கு ஆள் சைனஸின் வடிவம் வேறு. ஆகவே நெளிவும் வேறு. டெக்சஸ் ஆய்விலும், ஒருவரை வைத்துப் பழக்கிய கணினி இன்னொருவரிடம் பலன் தரவில்லை. அதற்குக் காரணம் நெளிவு மட்டும் இல்லை, மூளைகளே வேறுபடுகின்றன. போதாததற்கு, பங்கேற்பாளர் மனதுக்குள் வேறொரு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாலே அந்தக் கணினி திணறிப்போனது.

நீதிமன்றத்துக்கும் இந்தப் படங்கள் போய்ப் பார்த்தன. 2010இல் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில், தாம் பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்க ஒருவர் எஃப்எம்ஆர்ஐ முடிவைக் கொண்டுவந்தார். நீதிமன்றம் ஏற்கவில்லை. 2012இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. நிஜ வாழ்க்கையில் அந்தச் சோதனை எத்தனை முறை தவறும் என்று தெரியாது என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. படம் நெளிவதைப் பற்றி வாதமே வர வேண்டியிருக்கவில்லை.

நீங்களே ஸ்கேனுக்குள் போனால்...

பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது எஃப்எம்ஆர்ஐ ஆய்வுகளுக்குத் தொண்டூழியர்களைத் தேடுவதுண்டு. ஒருநாள் நீங்களும் போகலாம். திரையில் காட்டும் படங்களுக்குப் பொத்தான் அமுக்கி முடித்திருப்பீர்கள். வேலை முடிந்தது என்று நினைக்கும்போது ஒலிபெருக்கியில் குரல் வரும்: "இன்னும் ஒரு சின்ன ஸ்கேன். திரையில் ஒன்றும் வராது. அசையாமல் மட்டும் இருங்கள்."

டக்டக் சத்தம் வேறு மாதிரி கேட்கும். சில நொடி நின்று, திரும்பவும் அதே சத்தம். பெரும்பாலும் அதுதான் எதிர்த் திசைப் படம். மூக்கு அரித்தாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் தலை அசைந்தால், அதுவரை நீங்கள் அமுக்கிய எல்லாப் பொத்தான்களுக்கும் மூளையில் இடம் குறிப்பது சிரமமாகிவிடும்.